அகலப் பார்வையில் அகப்படாத முகங்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இன்று நம் கல்லூரியில் காமிரா இல்லாத மாணவரைக் காண்பது அரிது. ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவரிடம், அதுவும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் மட்டுமே இருந்த அந்தக் கருவி, இன்று கைபேசிக்குள் புகுந்து நம் சட்டைப் பையிலும் கைப்பையிலும் குடியேறிவிட்டது. ஆண்டு விழாவா, விளையாட்டு விழாவா, தோழியின் பிறந்த நாளா, உடனே கை உயர்கிறது. "வைட்ல வை, எல்லாரும் வரட்டும்" என்ற குரல் எழுகிறது. எல்லாரும் வந்தும் விடுகிறார்கள். ஆனால் வந்தவர் யார் யார் என்பது, ஓராண்டு கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிகிறதா? நண்பர்களே, நீங்களே எடுத்துப் பாருங்கள்!

அகலமாக எடுத்த படமே நல்ல படம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. கைபேசி விளம்பரங்களும் அதற்கு நீர் ஊற்றுகின்றன. என் கருத்து வேறு. அகலக் கோண லென்சு நமக்கு எதையும் கூடுதலாகத் தருவதில்லை. இருப்பதைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவே. பங்குதாரர் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் சிறுக்கும். ஒரு காணி நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிப்பதற்கும் எட்டுப் பிள்ளைகளுக்குப் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உத்திரமேரூர் வட்டத்து உழவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புகைப்படமும் அத்தகைய ஒரு நிலமே. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, காமிராவைப் பிடித்திருப்பவரிடம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை உணர வேண்டுமானால், குவியத் தூரம் என்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வகத்திலே ஒரு லென்சு

குவியத் தூரம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. செய்முறை வகுப்பில் ஜன்னலோரம் நின்று, தொலைவிலுள்ள மரத்தை நோக்கிக் குவி லென்சைப் பிடிக்கிறோம். பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். ஓரிடத்தில் மரம் தலைகீழாக, வண்ணத்தோடு, இலை அசைவதும் தெரியும்படி தாளில் விழுகிறது. அப்போது லென்சுக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தூரமே குவியத் தூரம். 20 செ.மீ. என்று பதிவேட்டில் எழுதுகிறோம், ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குகிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம்.

மறக்காமல் இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றால் ஓர் உண்மை விளங்கும். 20 செ.மீ. லென்சை வைத்துவிட்டு 10 செ.மீ. லென்சை எடுங்கள். அதே மரம் இப்போது பாதி அளவில் விழும். 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் 10 மீட்டர் உயரப் பனை, முதல் லென்சில் 2 செ.மீ. உயரமும், இரண்டாவதில் 1 செ.மீ. உயரமுமாகத் தெரியும். குவியத் தூரம் குறைந்தால் பிம்பம் சிறுக்கும். பிம்பம் சிறுத்தால் அதே தாளில் பக்கத்து மரத்துக்கும் இடம் கிடைக்கும். இதுதான் அகலக் கோணம்! இதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

காமிராவில் அந்த வெள்ளைத் தாளின் இடத்தில் முன்பு பிலிம் இருந்தது. இன்று ஒளியை உணரும் சில்லு இருக்கிறது. அதன் அளவு மாறாதது. பழைய பிலிம் காமிராவில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 43 மி.மீ. குவியத் தூரம் இதற்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் அதை இயல்பான லென்சு என்பர். 1925ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவில் 50 மி.மீ. லென்சு பொருத்தியிருந்தனர். அன்று முதல் 50 என்பதே இயல்புக்கு அடையாளமாயிற்று. அதைவிட நன்கு குறைந்தவை, அதாவது 35, 28, 24 முதலியவை, அகலக் கோண லென்சுகள். 100, 200 என்று கூடிச் செல்பவை தொலை லென்சுகள்.

எண்களைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஒரு சுவருக்கு எதிரே 10 அடி தள்ளி நிற்பதாகக் கொள்வோம். 50 மி.மீ. லென்சில் அச்சுவரின் 7 அடிக்குச் சற்று மேற்பட்ட அகலம் படத்தில் அடங்கும். 24 மி.மீ. லென்சில் 15 அடி அடங்கும். 13 மி.மீ. லென்சில் ஏறக்குறைய 28 அடி அடங்கும். 200 மி.மீ. லென்சிலோ 2 அடி கூட அடங்காது. கணக்கு எளிது: படத்தின் அகலமான 36ஐக் குவியத் தூரத்தால் வகுத்து, நாம் நிற்கும் தூரத்தால் பெருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். அரை அங்குலத் தடிமன்கூட இல்லாத கைபேசியில் 24 மி.மீ. எப்படி அடங்கும்? அடங்காது. அதன் உண்மையான குவியத் தூரம் சில மில்லி மீட்டர்களே. சில்லும் அதற்கேற்பச் சிறியது. பழைய பிலிமில் எந்த லென்சு இதே காட்சியைத் தருமோ அதன் எண்ணைச் சொல்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கின்படி, பெரும்பாலான கைபேசிகளில் '1' என்னும் பொத்தான் 24 அல்லது 26 மி.மீ.க்குச் சமம், '0.5' என்னும் பொத்தான் சுமார் 13 மி.மீ.க்குச் சமம். ஆக, நாம் சாதாரணம் என்று நினைத்து எடுக்கும் படமே முன்னாளில் அகலக் கோணப் படம் எனப்பட்டது. அதையும் போதாதென்று '0.5' அழுத்துகிறோம்!

புள்ளிக் கணக்கு

இப்போது பங்கீட்டுக்கு வருவோம். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு கைபேசிப் படம், அகலவாக்கில் 4,000 புள்ளிகளும் உயரவாக்கில் 3,000 புள்ளிகளும் உடையது. மனித முகம் ஏறக்குறைய அரை அடி அகலம். படத்தில் 15 அடி அகலம் அடங்கினால் ஒரு முகத்துக்கு 130 புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கும். 28 அடி அடங்கினால் 70 புள்ளி. 100 அடி அடங்கினால் 20 புள்ளிதான். 20 புள்ளி அகலத்தில் ஒரு முகம் என்றால், ஒரு கண்ணுக்கு நாலு புள்ளி! அதில் சிரிப்பு ஏது, கவலை ஏது, நெற்றித் தழும்பு ஏது?

எங்கள் பெருநகரில் பிரம்மபுரீஸ்வரர் கோயிலின் தைப்பூசத் திருவிழா புகழ் பெற்றது. சுற்றுப்புற ஊர்களின் சுவாமிகள் எல்லாம் செய்யாற்றில் எழுந்தருளும் காட்சியைக் காண மக்கள் திரள்வர். கரையில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் ஆறும் விளக்குகளும் கூட்டமும் ஒருங்கே வந்து கண்ணைக் கவரும். அப்படி ஒரு படம் வேண்டியதுதான். ஆனால் எல்லாரும் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால், சுவாமியைச் சுமந்த தோள்கள் யாருடையவை? நாதஸ்வரம் வாசித்தவர் முகம் எங்கே? பெட்ரோமாக்ஸ் விளக்குக் காலம் தொட்டு விழாவுக்கு வெளிச்சம் பிடித்த குடும்பத்துக் கிழவர் எங்கே? விழா நின்றது, மனிதர் கரைந்துபோயினர்.

இதை வெறும் ரசனைச் சிக்கல் என்று ஒதுக்குவோரும் உளர். எனக்கு அது அப்படியல்ல. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் பரம்பரைக்குப் பத்திரமும் கிடையாது, நாட்குறிப்பும் கிடையாது. என் தாத்தாவுக்கு இருப்பது ஒரே படம். யாரோ ஒருவர் வீட்டுக் கலியாணக் கூட்டத்தில் ஓரமாக நின்றபோது எடுத்தது. அவர் மறைந்த பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து புளியங்கொட்டை அளவு முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். கண்கள் இரண்டு கரும்புள்ளிகள். வாய் ஒரு கோடு. ஆயா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைக்கிறார். "இது அவரு மொகம் இல்ல கண்ணு. என்னமோ மாட்டி வச்சிருக்கோம்" என்று ஒருநாள் சொன்னார்.

பெரிதாக்கிக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை. பிலிமில் தாத்தாவுக்குக் கிடைத்த பங்கே அவ்வளவுதான். பதியாத கண்ணிமையை எந்த இருட்டறையும் பிற்பாடு பிறப்பிக்க இயலாது. இன்று கணிப்பொறியிடம் கொடுத்தால் பளபளவென்று ஒரு முகத்தைப் பூர்த்தி செய்து தந்துவிடும் என்கிறார்கள். தரும், அது ஆயிரம் பேர் முகத்திலிருந்து ஊகித்த முகம், என் தாத்தாவின் முகமாகாது. வசதியுள்ள வீடுகளில் மாப்பிள்ளைக்குத் தனிப்படம், பெண்ணுக்குத் தனிப்படம், பெரியவர்க்குத் தனிப்படம் என்று எடுத்து வைத்தார்கள். இல்லாத வீட்டார் பிறர் படத்தின் ஓரத்தில்தான் பதிந்தார்கள். அகலப் படத்தின் ஓரம் என்பது ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்ட இடமாகவே இருந்து வந்திருக்கிறது.

ஓரத்தில் நிற்பவர்க்கு நேரும் கதி

அந்த ஓரத்துக்கு இன்னொரு இடையூறும் உண்டு. நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டும் அகலக் கோண லென்சு, ஓரத்திலுள்ள பொருள்களை வெளிப்புறமாக இழுத்துக் காட்டும். நடுவில் வைத்த பந்து வட்டமாகத் தெரியும். விளிம்பில் வைத்த பந்து முட்டைபோல் நீளும். 50 மி.மீ. லென்சின் பக்கவாட்டு விளிம்பில் இந்த நீட்சி நூற்றுக்கு 6 பங்குதான்; கண்ணுக்குப் புலப்படாது. 24 மி.மீ. லென்சில் அது நூற்றுக்கு 25. 13 மி.மீ. லென்சில் ஏறக்குறைய 70! சில கைபேசிகளில் மென்பொருள் இதைச் சற்றுச் சரிசெய்கிறது, முழுமையாக அல்ல. நடுவில் அமர்ந்த மணமக்கள் மணமக்களாகவே இருக்க, கடைசியில் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்திய அத்தைக்கு முகம் பூசணிக்காய் ஆகிவிடுகிறது. இது லென்சின் வஞ்சமன்று. தட்டையான ஒரு பரப்பில் அகன்ற உலகைப் பரப்பும்போது நேரும் வடிவ கணித விளைவு.

முகம் கெடுவதற்கு மற்றொரு காரணத்தையும் லென்சின் தலையில் கட்டுகிறோம். கைக்கெட்டும் தூரத்தில் கைபேசியைப் பிடித்து நம்மை நாமே எடுக்கும்போது மூக்கு பெருத்தும் காது ஒடுங்கியும் தெரிகின்றன. "என் முகமே இப்படித்தானோ" என்று மனம் புழுங்கும் தோழியரை நான் அறிவேன். இதற்குக் காரணம் லென்சன்று, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 5 அங்குலம் இருக்கும். காமிரா 12 அங்குலத்தில் இருந்தால், காது 17 அங்குலத்தில் இருக்கும். அப்போது காதை ஒப்பிட மூக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பதியும். 6 அடி தள்ளி நின்றால் 72க்கும் 77க்கும் உள்ள வேறுபாடுதான். மூக்கு மூக்கின் அளவிலேயே இருக்கும். படத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம். குவியத் தூரமோ அந்த இடத்திலிருந்து எவ்வளவு வெட்டியெடுப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. இந்த ஒரு வரியை நினைவில் நிறுத்தினால் பாதிப் பாடம் முடிந்தது. தோழியரே, உங்கள் முகத்தைப் பற்றி ஓரடித் தூரக் காமிரா சொல்லும் சாட்சியை நம்பாதீர்கள்!

தூரத்தின் விளையாட்டு முகத்தோடு நிற்பதில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனா நோய் உலகை ஆட்டிப் படைத்த வேளையில், டென்மார்க் நாட்டின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் என்னும் படச் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள் ஒரே இடத்து மக்களை இருவிதமாகப் படமெடுத்துக் காட்டினர். எட்ட நின்று தொலை லென்சில் எடுத்த படத்தில் மக்கள் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து நிற்பதுபோல் இருந்தது. வேறு இடத்திலிருந்து அகலக் கோணத்தில் எடுத்ததில் அதே மக்கள் போதிய இடைவெளியுடன் நிற்பது புலனாயிற்று. இரண்டும் மெய்ப்படங்களே! கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தேர்தல் கூட்டத்துப் படங்களைக் காணும்போது, எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

கல்லெழுத்தைப் படம் பிடித்தவர்

விரிந்த ஒன்றைச் சிதைக்காமல், ஒவ்வோர் எழுத்தும் தெளியும்படி படமெடுக்க வழியே இல்லையா? உண்டு. நம் நாட்டிலேயே அதற்கு முன்மாதிரியும் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வரிகளைப் படமாக்க விரும்பினார். எட்ட நின்று ஒரே படமாக எடுத்திருந்தால் கோயில் தெரிந்திருக்கும். எழுத்து எறும்பு ஊர்ந்த தடமாகியிருக்கும். அவர் என்ன செய்தார்? கனத்த காமிராவைச் சுவரின் ஓரமாகவே நகர்த்தி நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். லென்சை அகலமாக்கவில்லை, கால்களை நடக்கவிட்டார்.

நமக்கு அருகில் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்தெடுத்த வரலாற்றை உலகறியும். அதைக் காணச் செல்லும் மாணவர்கள் மண்டபத்தின் நடுவில் நின்று '0.5' அழுத்தி, முன்னால் தோழர்களையும் பின்னால் சுவரையும் ஒருசேர எடுத்துத் திரும்புகிறார்கள். அந்தப் படத்தில் கல்வெட்டு இருக்கிறது. ஓர் எழுத்தும் இல்லை. சுவருக்கு நேர் எதிரே நின்று, பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரம் பார்த்து, ஓரடி, ஓரடியாக எடுத்தால் நம்மில் தமிழ் படிப்போர் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கலாமே! கல்வெட்டுத் துறையினர் ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படி, கல்லெழுத்தின் அதே அளவில் அமைகிறது. அது லென்சே இல்லாத படம். அருகே சென்றால்தான் எழுத்து கிட்டும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அகலக் கோணமே ஆகாது என்பது என் வாதமன்று. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் அறுவர் வாழும் வாழ்க்கையை 50 மி.மீ. லென்சு காட்டாது, சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் ஏழடிதான் அடங்கும். அடுப்பும் பாடப்புத்தகமும் தொட்டிலும் ஒரே அறையில் இருப்பதை உலகுக்குக் காட்ட அகலக் கோணம்தான் வேண்டும். தூண்கள் நெருங்கிய மண்டபத்தின் அமைப்பைக் காட்டவும், 2015 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளத்தின் பரப்பைக் காட்டவும் அதுவே துணை. இடத்தைச் சொல்ல அகலம்; ஆளைச் சொல்ல அண்மை. முன்னதை எடுத்த கை பின்னதையும் எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செய்யத் தக்கவை

ஆகவே மூன்று செய்திகளை நம் கல்லூரி முன் வைக்கிறேன். முதலாவது, குவியத் தூரச் சோதனையைப் பதிவேட்டோடு முடிக்காமல், ஒவ்வொருவர் கைபேசியையும் கொண்டு ஒரு வகுப்பு நடத்த வேண்டும். 10 அடியில் சுவர், கையில் அளவு நாடா, பொத்தான்கள் மூன்று, இவை போதும். செலவு ஒரு காசும் இல்லை. புத்தகத்துச் சூத்திரம் நம் சட்டைப் பைக்குள்ளேயே இயங்குகிறது என்பதை அறியும்போது, எங்களைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்க்கு இயற்பியல் அந்நியமாக இராது.

இரண்டாவது, கூட்டுப்படம் எடுக்கும்போது '0.5'ஐத் தவிர்த்து, பத்து அடி பின்னால் நடந்து சென்று எடுப்போம். இடமில்லையெனில் வரிசையை நீட்டாமல் இரண்டு மூன்று வரிசையாக அடுக்குவோம். வயது முதிர்ந்தவரையும் வேலை செய்து களைத்தவரையும் ஓரத்தில் நிறுத்தாமல் நடுவுக்கு அழைப்போம்.

மூன்றாவது, வரும் பொங்கல் விடுமுறையில் நம் வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே படமெடுப்போம். ஆறடி தள்ளி நின்று, '2' என்னும் பொத்தானை அழுத்தி, கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்தால், சுமார் 3 அடி அகலம் அடங்கும். முகத்துக்கு 500 புள்ளி கிடைக்கும். சில கைபேசிகளில் '2' என்பது தனி லென்சன்று. நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அப்போதும் உண்மையான புள்ளி 250க்குக் குறையாது. ஆற்றங்கரைப் படத்தில் கிடைத்த இருபதோடு ஒப்பிட்டால் இது பன்னிரண்டு மடங்கு. வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள். பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். ஒரு படத்தைத் தாளிலும் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.

அகலக் கோணத்தில் உலகம் முழுதும் அடங்குகிறது என்பர். அடங்கட்டும்! ஆனால் உலகம் என்பது முகங்களால் ஆனது. ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பங்கை அளந்து கொடுக்கக் கற்றவரே படமெடுக்கக் கற்றவர். மாணவ நண்பர்களே, பொத்தானை அழுத்துமுன் இரண்டடி முன்னால் நடப்போமாக!